வாகனங்களிலும் விளையாட்டுக் கருவிகளிலும் உள்ள காப்புத் திண்டுகள்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

உடலின் மீது விழும் அடியையோ அழுத்தத்தையோ குறைப்பதற்காக இடையில் வைக்கப்படும் அடுக்கே திண்டு ஆகும். பேச்சு வழக்கில் இதைப் பேடு என்கிறோம். கிரிக்கெட் மட்டையையும் பலர் ஏறத்தாழ இதே போல எழுதுவதால், குழப்பத்தைத் தவிர்க்க இப்பக்கத்தில் திண்டு என்ற சொல்லே பெரும்பாலும் கையாளப்படுகிறது.

தலைக்காயத்திற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோரின் குடும்பத்தினர் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கின்றனர். "ஹெல்மெட் அணிந்திருந்தும் மூளையில் அடிபட்டது எப்படி?" என்பது முதலாவது. "அந்த ஹெல்மெட் உடையவில்லையே, அதையே மீண்டும் அணியலாமா?" என்பது அடுத்தது. இவ்விரண்டிற்கும் விடை காண, திண்டுகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சில திண்டுகள் ஒரே ஒரு முறை நசுங்கி அத்துடன் பயனற்றுப் போகும்படி ஆக்கப்பட்டவை. சில, அழுத்தியதும் நசுங்கி மீண்டும் பழைய வடிவத்திற்கு வரும். வெளித்தோற்றத்தில் இவற்றை வேறுபடுத்தி அறிவது கடினம்.

திண்டு அடியை எவ்வாறு குறைக்கிறது?

ஒருவர் தடுமாறி விழுந்து, அவரது தலை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தார்ச்சாலையில் மோதுவதாகக் கொள்வோம். சாலை நெகிழாது, மண்டையோடும் மிகச் சிறிதே நெகிழும். அந்த வேகம் முழுவதும் 2 மில்லிமீட்டர் தொலைவிற்குள் அடங்கிவிட்டால், தலையின் மீது புவியீர்ப்பைப் போல் சராசரியாக 750 மடங்கு விசை செயல்படும். அதே வேகம் 20 மில்லிமீட்டர் தொலைவில் படிப்படியாக அடங்கினால் அது 75 மடங்காகக் குறையும். திண்டு செய்வது இதைத்தான். அது அடியை மறையச் செய்வதில்லை. தலை நின்றுபோக இன்னும் சில மில்லிமீட்டர் இடம் தருகிறது.

மென்மையான பஞ்சு இந்த வேலைக்கு உதவாது. சோபாவில் உள்ள ஸ்பாஞ்சை உள்ளங்கையால் அழுத்தினாலே அது அடிவரை தட்டையாகிவிடும். வேகமாக மோதும் தலைக்கு அது இருந்தும் இல்லாததற்குச் சமம். மிகவும் கெட்டியான பொருளோ நசுங்கவே நசுங்காது. எதிர்பார்க்கப்படும் அடியின் வேகத்தில் மட்டும் மெல்ல நசுங்கும் பொருளே தேவைப்படுகிறது. ஆகவே, கடையில் விரலால் அழுத்திப் பார்த்து "மெத்தென்று இருக்கிறது" என்று தேர்ந்தெடுப்பது பாதுகாப்பை அளக்கும் முறை அன்று.

தலைக்கவசத்தினுள் இருப்பவை

தலைக்கவசத்தைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். தலையைத் தொடும் துணி உறையிட்ட மென்மையான பகுதி, பொருத்தத்திற்கும் வசதிக்கும் உரியது. பல தலைக்கவசங்களில் இதைக் கழற்றித் துவைக்கலாம். அதற்குப் பின்னால், வெளி ஓட்டை ஒட்டி, வெள்ளை அல்லது கருநிறத்தில் தெர்மோகோல் போன்ற ஓர் அடுக்கு இருக்கும். அது தெர்மோகோல் வகையைச் சேர்ந்ததே. உயிரைக் காப்பதும் அதுவே. விலை கூடிய வெளி ஓடும் வண்ணமும் இதற்கு அடுத்தபடியானவை.

இந்த அடுக்கில் உள்ள நுண்ணிய காற்றறைகள் மோதலின்போது உடைந்து நசுங்குகின்றன. உடைந்த அறைகள் மீண்டும் உப்புவதில்லை. எனவே விபத்தில் அடிபட்ட தலைக்கவசம், வெளியே கீறல் கூட இல்லாவிட்டாலும், அந்த இடத்தில் தன் வேலையை முடித்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அதைத் தம்பிக்கோ உறவினருக்கோ கொடுப்பதும், பழைய கடையில் விற்பதும் கூடாது. வாரை அறுத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள். பயன்பாட்டில் உள்ள தலைக்கவசத்தை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது.

அடிபடாமலேயே இந்த அடுக்கைக் கெடுத்துவிடவும் முடியும். பெட்ரோல், தின்னர், சில வண்ணப்பூச்சுகள் ஆகியவை தெர்மோகோலைக் கரைத்துவிடும். கையில் பெட்ரோல் பட்ட நிலையில் உட்புறத்தைத் துடைப்பதும், தலைக்கவசத்திற்கு வீட்டிலேயே வண்ணம் அடிப்பதும் ஆபத்தானவை. பின்பார்க்கும் கண்ணாடியின் முனையில் நாள்தோறும் மாட்டி வைப்பதால் உள்ளடுக்கில் பள்ளம் விழும். ஒலிபெருக்கிக் கருவியைப் பொருத்துவதற்காக உள்ளடுக்கைக் கத்தியால் குடைவோரும் உள்ளனர்; குடைந்த இடத்தில், காதுக்கு மேலே, அடியை வாங்க எதுவும் எஞ்சுவதில்லை.

கட்டுமானப் பணிக்கான மஞ்சள் நிறத் தொப்பியை அணிந்து இருசக்கர வாகனம் ஓட்டுவோரை நம் சாலைகளில் காண்கிறோம். அத்தொப்பி மேலிருந்து விழும் பொருளைத் தடுப்பதற்கானது. அதனுள் பெரும்பாலும் வார்ப்பட்டைகள் மட்டுமே இருக்கும். பக்கவாட்டு மோதலைத் தாங்கும் அடுக்கு இராது. கிரிக்கெட், மிதிவண்டித் தலைக்கவசங்களும் மோட்டார் வாகனத்திற்கு மாற்றாகா. ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்திற்கும் வெவ்வேறு அடிக்கும் சோதிக்கப்பட்டவை.

இந்தியாவில் இருசக்கர வாகனத் தலைக்கவசங்களுக்கான தரம் ஐ.எஸ். 4151 ஆகும். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத தலைக்கவசங்களை விற்க அனுமதி இல்லை. போலி முத்திரைகள் உண்டு. முத்திரையுடன் உள்ள உரிம எண்ணை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவின்படி, நான்கு வயதிற்கு மேற்பட்ட அனைவரும், பின்னால் அமர்வோர் உட்பட, தலைக்கவசம் அணிதல் வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்குப் பொருத்தமான தலைக்கவசமும் ஓட்டுநருடன் இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் தேவை. வாகனத்தின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கும் குறைந்த வயதுக் குழந்தையின் கழுத்து தலைக்கவசத்தின் எடையைத் தாங்காது. அக்குழந்தையை இருசக்கர வாகனத்தில் அழைத்துச் செல்லாதிருப்பதே நல்லது.

இத்துறையின் தொடக்கம் ஒரு மருத்துவரின் கவலையில் உள்ளது. பிரிட்டனில் 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிய டி.இ. லாரன்ஸுக்குச் சிகிச்சை அளித்தவர்களில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸும் ஒருவர். நோயாளி பிழைக்கவில்லை. அதன் பின்னர் கெய்ர்ன்ஸ் இராணுவச் செய்தி வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் வெளியிட்டார். அதே ஆண்டில் அவ்வீரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. பல ஆய்வுகளைத் தொகுத்த 2008ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, தலைக்கவசம் இறப்பின் வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காயத்தின் வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பதாகக் காட்டுகிறது. இவை பெரிய எண்கள். ஆயினும் நூறு அல்ல. மண்டையோடு உடையாமல் காப்பதில் தலைக்கவசம் சிறந்தது. ஆனால் தலை திடீரெனத் திரும்பும்போது உள்ளே மூளை குலுங்குவதை அதனால் அந்த அளவிற்குத் தடுக்க இயலாது. மேலே கண்ட முதற் கேள்விக்கு விடை இதுவே.

அணிந்தபின் வாரைப் பூட்டி, தலையை இருபுறமும் ஆட்டிப் பாருங்கள். தலைக்கவசம் தனியே சுழலக் கூடாது. கன்னத்தோல் அதனுடன் சேர்ந்து அசைய வேண்டும். வாருக்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடம் போதும். பூட்டாத தலைக்கவசம், தலை தரையைத் தொடும் முன்பே கழன்றுவிடும்.

காரில் உள்ள திண்டுகள்

இருக்கையின் மேல் உள்ள தலைத்திண்டைத் தூங்குவதற்கான வசதி எனப் பலர் எண்ணுகின்றனர். பின்னால் வரும் வாகனம் மோதும்போது உடல் இருக்கையுடன் முன்னே செல்ல, தலை மட்டும் பின்தங்கிக் கழுத்து வளைகிறது. அதைத் தடுப்பதே தலைத்திண்டின் பணி. அதன் மேல் விளிம்பு உச்சந்தலைக்கு இணையாக இருக்க வேண்டும். தலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி இயன்றவரை குறைவாக இருக்க வேண்டும். கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்கள் இதை ஒவ்வொரு பயணத்திலும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இருக்கையின் மேல் தடித்த மெத்தையோ முதுகில் தலையணையோ வைத்தால் சீட் பெல்ட் உரிய இடத்தில் அமையாது. பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மீது இருத்தல் வேண்டும். வயிற்றின் மீது ஏறினால் விபத்தில் குடலும் கல்லீரலும் நசுங்கக்கூடும். குழந்தை இருக்கையில் அதனுடன் வராத கூடுதல் மெத்தைகளைச் சேர்க்காதீர்கள். மோதலின்போது மெத்தை நசுங்கி, வார் தளர்ந்துபோகும். பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கையைக் காற்றுப்பை செயல்படும் முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது. பெரும் விபத்திற்குள்ளான குழந்தை இருக்கையையும், தலைக்கவசத்தைப் போலவே, மாற்றிவிட வேண்டும்.

தண்டுவடக் காயமுற்றோரையும் உணர்விழந்த கால்களை உடையோரையும் நெடுந்தொலைவு அழைத்துச் செல்லும்போது வேறொரு வகைத் திண்டு தேவைப்படுகிறது. இது அடியைத் தாங்குவதற்கானது அன்று. நீண்ட நேர அழுத்தத்தைப் பரப்பிப் படுக்கைப்புண்ணைத் தவிர்ப்பதற்கானது. நடுவில் துளையுள்ள வளையத் திண்டை வாங்காதீர்கள். அது விளிம்பில் அழுத்தத்தைக் குவித்து இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. சக்கர நாற்காலிக்கென மருத்துவர் பரிந்துரைத்த திண்டைக் காரில் எவ்வாறு பயன்படுத்துவது என்பதை உடலியக்க மருத்துவரிடம் கேட்டறியுங்கள். வழியில் வண்டியை நிறுத்தி, உடலின் எடையைச் சற்று மாற்றி அமர்த்துவதை எந்தத் திண்டும் ஈடு செய்யாது.

விளையாட்டுத் திண்டுகள்

கிரிக்கெட் காலுறைத் திண்டுகளில் முன்பு பிரம்பும் பஞ்சும் இருந்தன. இப்போது பெரும்பாலும் கெட்டியான ஃபோம் உள்ளது. இவை ஒரே ஆட்டத்தில் பலமுறை அடி வாங்குபவை, நசுங்கி மீள்பவை. காலப்போக்கில் ஃபோம் தன் மீள்தன்மையை இழக்கும். இரு விரல்களுக்கிடையே அழுத்தும்போது எளிதில் தட்டையாகி, அப்படியே நின்றுவிடும் திண்டை மாற்ற வேண்டும். ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம் வரை. தெருவில் ஆடப்படும் கார்க் பந்தும் கடினமானதே. டென்னிஸ் பந்துக்குப் பழகிய சிறுவர்கள் எந்தக் காப்பும் இன்றிக் கார்க் பந்துக்கு மாறுவதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

இத்தகைய அடியின் வலிமையை இந்திய கிரிக்கெட் நன்கு அறியும். 1962இல் பார்படோஸில் நரி கான்ட்ராக்டரின் மண்டையோடு பந்து பட்டு உடைந்தது. அவர் உயிர் பிழைத்தார். 1998இல் டாக்காவில் மட்டையாளருக்கு மிக அருகில் தலைக்கவசமின்றிக் களத்தில் நின்ற ராமன் லாம்பா பிழைக்கவில்லை. 2014 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் தலைக்கவசம் அணிந்திருந்தார். பந்து அதற்குக் கீழே கழுத்தில் பட்டது. அதன் பின்னரே கழுத்துக் காப்பு பரவலாயிற்று. ஆஸ்திரேலியாவில் 2023 அக்டோபர் முதல் வேகப்பந்தை எதிர்கொள்வோருக்கு அது கட்டாயம். திண்டு எங்கே முடிகிறதோ அங்கே காப்பும் முடிகிறது.

மார்புத் திண்டைப் பற்றித் தனியே கூற வேண்டும். பந்து மார்பின் நடுவில், இதயத்துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடிக்கூறில் படும்போது, விலா எலும்பு முறியாமலேயே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும். சிறுவர்களிடமும் பதின்வயதினரிடமும் இது அதிகம்; அரிதெனினும் மைதானத்திலேயே உயிரைப் பறிப்பது. சாதாரண மார்புத் திண்டு இதை உறுதியாகத் தடுப்பதில்லை. மார்பில் பந்து பட்டவர் சரிந்து விழுந்து மூச்சும் அசைவும் இன்றிக் கிடந்தால், "மயக்கம்" என்று தண்ணீர் தெளித்துக் காத்திராதீர்கள். உடனே மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முறையைத் (சிபிஆர்) தொடங்குங்கள்; மற்றொருவர் 108ஐ அழைக்கட்டும்; அருகில் தானியங்கி இதயமீட்புக் கருவி இருந்தால் கொண்டுவரச் செய்யுங்கள். ஒவ்வொரு நிமிடமும் மதிப்புள்ளது.

அடிவயிற்றுக் காப்பு (கார்டு) அணியக் கூச்சப்படும் சிறுவர்கள், அடிபட்டபின் சொல்லவும் கூச்சப்படுகின்றனர். விதைப்பையில் அடிபட்டு வலி ஒரு மணி நேரத்திற்கும் மேல் நீடித்தாலோ, வீக்கமோ வாந்தியோ இருந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விதை முறுக்கிக்கொண்டால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் சரிசெய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகுதி. மறுநாள் காலை வரை பொறுப்பது மிகத் தாமதம்.

கால்பந்தில் முன்கால் காப்பு ஆட்டவிதிகளின்படியே கட்டாயம். கபடியிலும் கைப்பந்திலும் அணியும் முழங்கால் திண்டு, தோல் உராய்வையும் சிராய்ப்பையும் நன்கு தடுக்கும். முழங்கால் முறுகி ஜவ்வு கிழிவதை அது தடுக்காது. "பேடு போட்டிருக்கிறேன்" என்று வீங்கிய முழங்காலுடன் ஆடுவோர் பின்னர் அறுவை சிகிச்சைக்கு வருகின்றனர். குத்துச்சண்டையில் தலைக்காப்பு முகவெட்டுகளைக் குறைக்கும். மூளை குலுங்காது என்பதற்கு உறுதி தராது. பன்னாட்டுக் குத்துச்சண்டைச் சங்கம் 2013இல் முதுநிலை ஆண்கள் போட்டிகளிலிருந்து அதை நீக்கியபோது நடந்த விவாதம் இதைப் பற்றியதே.

வியர்வையும் தோல்நோயும்

ஈரமான திண்டைப் பையில் அடைத்து வைத்தால் பூஞ்சையும் நோய்க்கிருமிகளும் பெருகும். ஒருவர் அணிந்த முழங்கால் திண்டையோ தலைக்கவசத்தையோ மற்றவர் அணிவதால் படர்தாமரையும் தோல் கொப்புளங்களும் பரவக்கூடும். ஆட்டம் முடிந்ததும் திண்டைக் காற்றாட விரித்துக் காயவிடுங்கள். துவைக்கத்தக்க உறைகளை மிதமான சோப்பு நீரில் துவையுங்கள். தலைக்கவசத்தின் உள்ளே பருத்தித் துணி கட்டிக்கொள்வது வாடகை வாகனத்தில் செல்வோருக்கு உதவும். துணி தடித்துத் தலைக்கவசம் ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளையம் போன்ற அரிப்புப் படை தோன்றினால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள். அரிப்பு சில நாள் அடங்கி, படை மேலும் பரவும்.

பிரேக் பேடு: தேய்வதற்கென்றே உள்ள திண்டு

வாகனத்தில் பேடு என்றதும் பலருக்கு நினைவில் வருவது இதுதான். இது உடலைத் தொடுவதில்லை; ஆனால் தேய்ந்து பொடியாவதால் நுரையீரலை எட்டுகிறது. பிரேக் பேடுகளிலும் பிரேக் ஷூக்களிலும் முன்பு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பரவலாகக் கலக்கப்பட்டது. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோயை உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதீலியோமாவும் நுகர்ந்த பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே வெளிப்படும். புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து பன்மடங்காகும்.

ஒரு பேடில் கல்நார் உள்ளதா என்று கண்ணால் பார்த்துக் கூற முடியாது. எனவே பட்டறையில் பணிபுரிவோர் பிரேக் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பணி உடையை வீட்டில் மற்ற துணிகளுடன் சேர்த்து உதறித் துவைப்பதால் குடும்பத்தினரும் அத்தூசியைச் சுவாசிக்கின்றனர். பட்டறைத் தொழிலாளிக்கு நீடித்த இருமலோ மூச்சுத்திணறலோ இருப்பின், தன் தொழிலையும் பணியாற்றிய ஆண்டுகளையும் மருத்துவரிடம் அவராகவே கூற வேண்டும். பல வேளைகளில் அக்கேள்வி கேட்கப்படுவதே இல்லை.

தலையில் அடிபட்டபின் கவனிக்க வேண்டியவை

விபத்துக்குள்ளானவர் நன்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், தலைக்கவசத்தை அவசரமாக இழுத்துக் கழற்றாதீர்கள்; கழுத்தெலும்பு முறிந்திருக்கக்கூடும். 108 ஆம்புலன்ஸ் ஊழியர் வரும்வரை தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்திருங்கள். மூச்சு தடைப்பட்டாலோ வாயில் இரத்தமோ வாந்தியோ நிறைந்தாலோ மட்டும் கழற்ற வேண்டும். அப்போது ஒருவர் தாடையையும் பிடரியையும் தாங்கிப் பிடிக்க, மற்றொருவர் வாரை அவிழ்த்துத் தலைக்கவசத்தைப் பக்கவாட்டில் விரித்து மெல்ல எடுக்க வேண்டும். கழற்றிய தலைக்கவசத்தை மருத்துவமனைக்கு உடன் கொண்டு செல்லுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு நசுங்கியுள்ளது என்பது மருத்துவருக்கு உதவும் தகவலாகும்.

அடிபட்டவர் எழுந்து, நன்றாகப் பேசி, சில மணி நேரம் கழித்து மயங்குவது உண்டு. மண்டையோட்டிற்கும் மூளையுறைக்கும் இடையே இரத்தம் சேர்வதால் இது நேர்கிறது. "ஹெல்மெட் இருந்ததே" என்ற நிம்மதியில் அவரைத் தனியே உறங்கவிட்டுவிடாதீர்கள். முதல் 24 மணி நேரம் ஒருவர் உடனிருக்க வேண்டும். மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், குழப்பமான பேச்சு, வலிப்பு, கை கால் தளர்ச்சி, கண்பாவைகள் அளவில் வேறுபடுதல், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனடியாக அவசரச் சிகிச்சைப் பிரிவிற்குச் செல்லுங்கள். இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உட்கொள்வோர், அறிகுறி எதுவும் இல்லாவிடினும், அன்றே மருத்துவரைக் காண வேண்டும். முதியோரிடம் இரத்தக் கசிவு மிக மெதுவாகச் சேர்ந்து, சில வாரங்கள் கழித்து நடை தள்ளாட்டமாகவோ மறதியாகவோ வெளிப்படலாம். அப்போது பழைய அடியை நினைவுகூர்ந்து மருத்துவரிடம் சொல்வது பராமரிப்பாளரின் பொறுப்பு.

வலிக்கு மருத்துவரின் ஆலோசனையின்றி ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்றவற்றைக் கொடுக்காதீர்கள். மூளை அதிர்வு எனக் கண்டறியப்பட்ட மாணவர் முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு கொண்டு, பின் படிப்படியாகப் படிப்பிற்கும், அறிகுறிகள் முற்றும் நீங்கி மருத்துவர் ஒப்புதல் தந்தபின் மட்டும் ஆட்டத்திற்கும் திரும்பலாம். அந்நாளில் அவர் அணிய வேண்டியது புதிய தலைக்கவசமே.